முகம் சொல்கிறவள்

ஓலைக் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிலம்பாயி ஓடிக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கக் கூடைக்குள். ஓலை இடுக்கு வழியாகக் கால் வைக்கிற இடம் மட்டும் தெரியும். பின்னாலேயே பிள்ளைகள். "கடகம் போகுது பார்றா, கடகத்துக்குக் கால் முளைச்சிருக்கு பார்றா!"

ஏன் ஓடினாள் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். அந்த ஊரில் கண்ணாடி கிடையாது. தண்ணீரில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள், அதுவும் கூடாது. தண்ணீருக்குள் ஒரு கன்னி இருக்கிறாள், குனிந்து பார்க்கிறவர் முகத்தை எடுத்துக்கொள்வாள் என்று அவர்களுக்குப் பயம். அதனால் குடத்தை முக்குவதற்கு முன்னால் தண்ணீரைக் கையால் ஓங்கி மூன்று தரம் அடிப்பார்கள். கலங்கட்டும் என்று. அப்புறம்தான் முக்குவார்கள்.

அப்படியானால் தன் முகம் எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு மங்கத்தா இருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு நாழி அரிசி கொண்டுபோய் அவள் முன்னால் உட்கார்ந்தால், தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி முகத்தைச் சொல்வாள். அவள் சொன்னதுதான் முகம். சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதும் நல்ல முகம். சிலம்பாயிக்கும் பன்னிரண்டு வயது வரைக்கும், "நுங்கு மாதிரி முகம்டி உனக்கு" என்றுதான் சொன்னாள்.

பதின்மூன்று பிறந்தது. உடம்பு அவளைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது. பாவாடை மேலே ஏறியது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நெற்றியில் பரு வந்தது, போனது, இரண்டாக வந்தது.

முதல் வெள்ளிக்கிழமை மங்கத்தா தாடையைப் பிடித்தாள். "மூக்கு நீளுதேடி. கழுகுக்குக்கூட இம்புட்டு இல்லை. அடுத்த வெள்ளி வா, குறையுதான்னு பாப்போம்." சிலம்பாயி மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை. "தேரை முதுகாட்டம் ஆயிருச்சே முகம். அடுத்த வெள்ளி ரெண்டு நாழியாக் கொண்டா, நின்னு பாக்கணும்." சிலம்பாயி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு போனாள்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை. "மேலுதட்டுல மயிரு. வளத்தியோ கொக்கு. தெருவுல காட்டாதடி இதை, பாக்கிற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துரும்." அன்றைக்குத்தான் கடகம் தலைக்கு ஏறியது. உயரம் தெரியக் கூடாது என்று முதுகையும் வளைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் அப்படித் தெரியலையேடி" என்றாள் அவள் அம்மா பேச்சி.

"நீ அம்மா. நீ சொல்றது சேத்தி இல்லை."

பேச்சிக்கும் பதின்மூன்று வயதில் பன்றி முகம் என்று சொல்லப்பட்டிருந்தது. இப்போதாவது கொஞ்சம் தேவலையா என்று கேட்டுவர இன்னும் வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறாள். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அதே கதி. நல்ல முகம் என்று சொல்லிவிட்டால் அடுத்த வெள்ளி யார் அரிசி கொண்டுவருவார்கள், சொல்லுங்கள்.

ஆக, சிலம்பாயி ஓடினாள். ஏரிக்கரைக் கருவேல முள்ளில் கடகம் மாட்டிப் பிய்த்துக்கொண்டு போனது. முகம் வெளியே வந்தது. "ஐயோ காய்ச்சல்!" என்று பிள்ளைகள் சிதறி ஓடிவிட்டார்கள். கேலி செய்யக்கூட ஒருவரும் இல்லை.

அப்புறம் அவள் தண்ணீர் குடிக்க மண்டியிட்டாள். அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அடிக்கவில்லை. அவ்வளவு அலுத்துப்போயிருந்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது, அதற்குள் ஒரு முகம்.

கன்னி என்றே நினைத்தாள். "எடுத்துக்கோ அக்கா. தாராளமா எடுத்துக்கோ. உனக்குத்தான் கஷ்டம்" என்றாள்.

அந்த முகம் அழுதுகொண்டிருந்தது.

"நீ ஏன்க்கா அழுவுற? உன்னையும் யாராச்சும் சொன்னாங்களா?"

இன்னும் குனிந்தாள். "இது எங்கப்பா மூக்கால்ல இருக்கு. உனக்கு எப்படி வந்துச்சு?" என்று தன் மூக்கைத் தொட்டாள். அவளும் தொட்டாள். பருவைத் தொட்டாள். அவளும் தொட்டாள். உதட்டுக்கு மேலே பூமயிரைத் தொட்டாள். அவளும் தொட்டாள்.

பேரழகி தெரிந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். பரு இருந்தது. மூக்கு நீளம்தான். தேரையைத் தேடினாள், காணவில்லை. கழுகைத் தேடினாள், காணவில்லை. கொக்கைத் தேடினாள், அதுவும் இல்லை. ஒரு பெண் இருந்தாள், அழுது முகம் வீங்கி. சிலம்பாயி வெகுநேரம் அவளோடு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை முகத்தை மூடாமல், கையை வீசிக்கொண்டு மங்கத்தா முன்னால் போய் நின்றாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அரிசி எங்கடி, கொக்கு?"

"முகம் கேக்க வரலை அத்தை. உங்களுக்கு முகம் சொன்னது யாரு?"

மங்கத்தா சிரித்தாள். "எனக்கு யாருடி சொல்லணும்?"

"உங்க மூக்கு எப்படி இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

மங்கத்தாவின் கை மூக்குக்குப் போனது. அங்கேயே நின்றது. எல்லார் முகத்தையும் பார்த்தவள், தன் முகத்தைப் பார்த்ததில்லை. கன்னிக்கு அவளைப்போலப் பயந்தவர் ஊரில் இல்லை. மூன்று தரம் போதாதென்று ஆறு தரம் அடிக்கிறவள் அவள். அத்தனை வருஷமும் தலைகுனிந்து உட்கார்ந்த பெண்கள் அன்றைக்குத்தான் தலை தூக்கி அவளைப் பார்த்தார்கள். ஒருத்தியும் கண்ணை எடுக்கவில்லை.

"என்னடி அப்படிப் பாக்கிறீக? ஏ பேச்சி, நீ சொல்லு. எப்படி இருக்கேன்?"

பேச்சி நின்று நிதானமாகப் பார்த்தாள். கேலிக்குச் சொன்னாளோ, கேட்டுக் கேட்டு வாயில் வந்ததோ, தெரியாது. "தேவலை. அடுத்த வெள்ளி வாங்க, பாப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் மங்கத்தா நாழி அரிசியோடு வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் ஒரு முகம் சொன்னார்கள், மறு வீட்டில் வேறு முகம், மூன்றாம் வீட்டில் கதவே திறக்கவில்லை. கடைசிவரைக்கும் தன் முகம் தெரியாமலே அவள் போய்ச் சேர்ந்தாள். பிறர் முகத்தைத் திரித்தவளுக்குத் தன் முகம் கிடைக்கவில்லை. அவள் பாடு அவ்வளவுதான். என் வாயும் ஓய்ந்தது.

இன்னும் ஒன்று மட்டும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேச்சி குழம்புக்குப் பந்தலில் சுரைக்காய் தேடினாள். எட்டாத உயரத்தில் ஒன்று தொங்கியது. கோல் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். சிலம்பாயி எழுந்து, முதுகை நிமிர்த்தி, கையை நீட்டி அதைப் பறித்து, அரிவாள்மணை பக்கத்தில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.