பேரிங் கவர்

ஆலங்காட்டில் அரிசி மில் நடத்திய மாசிலாமணி, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரும்கூட. தன் மணிவிழா அழைப்பிதழைக் கனமான கவரில் போட்டுக் குமாஸ்தா அமிர்தவல்லியிடம் நீட்டினார்.

"என் சம்பந்திக்குப் போகணும். ஸ்டாம்பு எதுக்கு? என் பேரைப் பார்த்தாலே போய்ச் சேரும். செலவு ஏதாவது வந்தா உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்."

அமிர்தவல்லி கவரைத் தபால் பெட்டியில் போட்டாள்.

அடுத்த வாரமே தபால்காரர் ஞானப்பிரகாசம் அதே கவரோடு மில்லுக்கு வந்தார். "பேரிங்மா, ஸ்டாம்பு ஒட்டாத தபால்; வாங்கறவர்தான் காசு கட்டணும். சம்பந்தி காசு தர மாட்டேன்னுட்டார். திரும்பிடுச்சு, இங்கதான் அபராதம் கட்டணும்."

அமிர்தவல்லி அவரை நேரே, மாசிலாமணி ஊர்க்கூட்டம் நடத்திக்கொண்டிருந்த பஞ்சாயத்துக்கு அழைத்துப் போனாள்.

"ஐயா, தபால்காரருக்கு ஒரு சந்தேகம். ஒருத்தர் ஸ்டாம்பு ஒட்டாம தபால் அனுப்பிட்டு, அபராதத்தை வேலையாள் தலையில கட்டறாராம். அது நியாயமா?"

கூட்டத்தைப் பார்த்ததும் மாசிலாமணிக்கு நீதி பொங்கியது. "எந்த ஊர் நியாயம் இது? அனுப்பினவன்கிட்டயே வசூல் பண்ணுய்யா!"

"அதுக்குத்தாங்க வந்தேன்" என்று ஞானப்பிரகாசம் கவரை நீட்டினார்.

மாசிலாமணி அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சம்பந்திக்குப் போனதாச்சே! என்கிட்ட ஏன் வந்துது? அப்ப அனுப்பினவன் யாரு?"

"உங்க பேர்தாங்க போட்டிருக்கு" என்றாள் அமிர்தவல்லி பணிவாக.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சொன்ன தீர்ப்பை மாற்ற வழியில்லாமல் மாசிலாமணி காசை எண்ணிக் கொடுத்தார்.

"தொலையட்டும். இப்பவாவது இதைச் சம்பந்திகிட்ட கொண்டு போய்ச் சேர்த்துடுய்யா."

"சேர்த்துடலாங்க" என்றார் தபால்காரர். "ஸ்டாம்பு ஒட்டிக் கொடுங்க."