வாய் முகரும் உத்தியோகம்

கரடிமலை ராஜாவுக்குச் சுருட்டு வாடை ஆகாது. சொந்த வீட்டுக்குள் புகைத்தாலும் கசையடி என்று சட்டம் போட்டார். தினமும் ஊரார் வாயை முகர்ந்து பார்க்கும் உத்தியோகம் பல்லக்குத் தூக்கி மாடக்கண்ணுவின் தலையில் விழுந்தது. ஒருவரை விட்டாலும் அந்த அடி அவன் முதுகுக்கு.

மறுநாள் காலை அவன் நேரே அரண்மனைக்கு வந்தான். ராஜா பக்கத்தில் ராணியும் இருந்தார்.

"கொஞ்சம் வாயைத் திறங்க சாமி."

"நானுமா?"

"ஒருத்தரையும் விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ராஜா திறந்தார். மாடக்கண்ணு நிதானமாக முகர்ந்தான்.

"சுருட்டு இல்லை சாமி. வைத்தியர் கூடாதுன்னு சொன்ன நெத்திலிக் கருவாடுதான் வீசுது. இதுக்கும் அடி உண்டா?"

ராணி மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

ராஜா அவசரமாகச் சட்டத்தைத் திருத்தினார். "சபையில் மட்டும் புகைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளே அவரவர் வாய் அவரவர் பாடு."

"உங்க வாய் மட்டும் என் பாடு" என்றார் ராணி.