பரிமாறுகிறவர்களின் பந்தி

பிளஸ் ஒன் வணிகவியல் மாணவிகள் மாலையில் பள்ளி வாசலில் சுண்டல் விற்றார்கள். அந்த லாபத்தில் காலையில் கஞ்சி காய்ச்சி, சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். யோசனை ஜெனிஃபாவுடையது. சுண்டல் தாளிப்பதிலிருந்து பேனர் கட்டுவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. பேனரில் அவள் பெயர் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

ஏழாம் வகுப்பு முத்துப்பேச்சி காலை பிரேயரில் மயங்கி விழுந்ததால்தான் இதையெல்லாம் ஆரம்பித்தார்கள். மற்றப் பிள்ளைகள் கஞ்சிக்கு வந்தார்கள். அவள் மட்டும் வரவில்லை. கஞ்சி வாளி இருக்கும் பக்கமே பார்க்காமல் வேப்பமரத்தடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் காலை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை ஜெனிஃபா பார்த்துவிட்டாள். பயந்துபோய் கமலவேணி டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், அவளுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சோம். கூப்பிட்டா வர மாட்டேங்கா. வீட்ல சாப்பிட்டேன்னு சொல்லுதா."

"எப்படிக் கூப்பிட்ட?"

"அவ கிளாசுக்கே போயி கூப்பிட்டேன் டீச்சர். எல்லாருக்கும் கேக்க மாதிரிதான் கூப்பிட்டேன்."

டீச்சர் மரத்தடிக்குப் போனார்.

"முத்துப்பேச்சி, கஞ்சி ஊத்த ஆள் பத்தல. கொஞ்சம் வந்து கரண்டி பிடிக்கியா?"

முத்துப்பேச்சி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள்.

ஜெனிஃபாவுக்குக் கோபம் வந்தது. டீச்சரைத் தனியே அழைத்தாள்.

"ஆள்தான் இருக்கே டீச்சர். பசியோட இருக்கவள வேலை வாங்கலாமா? மறுபடியும் விழுந்துட்டா?"

"நீ எங்கேயாவது பந்தி பரிமாறியிருக்கியா?"

"அக்கா கல்யாணத்துல பரிமாறினேன்."

"எப்ப சாப்பிட்ட?"

"கடைசிப் பந்தியில. பரிமாறினவங்க எல்லாரும் சேந்து உக்காந்தோம்."

"உனக்குப் பசிக்கான்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்ல டீச்சர். இலை போட்டாங்க, உக்காந்தோம்."

டீச்சர் வாளியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கஞ்சிக்கு வந்தவர்கள் குடித்துவிட்டு எழுந்தார்கள். பரிமாறிய மாணவிகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். முத்துப்பேச்சி கையில் கரண்டியோடு அவர்களுக்கும் ஊற்றிக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"நீ உக்காரலையா, ஜெனிஃபா?" என்றார் டீச்சர்.

"நான் வீட்ல தோசை சாப்பிட்டுட்டேன் டீச்சர். இது இல்லாதவங்களுக்கு."

கரண்டி நின்றது. முத்துப்பேச்சி அதை வாளியில் போட்டுவிட்டுத் தன் புத்தகப் பையைப் பார்த்தாள்.

ஜெனிஃபாவுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"டீச்சர்," என்றாள் மெதுவாக. "இப்ப நான் என்ன செய்யணும்?"

டீச்சர் ஒரு தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"உக்காரு. அவகிட்டக் கஞ்சி கேளு."

ஜெனிஃபா உட்கார்ந்தாள். தட்டை நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கொஞ்சம் ஊத்துவியா?"

முத்துப்பேச்சி சற்று நேரம் அவளையே பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து நிறைய ஊற்றினாள்.

"போதுமா அக்கா?"

ஜெனிஃபா தலையாட்டினாள். சற்று நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.