கீழ்க்கோடியின் புதுப் பெயர்

பூரணர் தம் நாட்டின் அரசியலமைப்பை எழுதியவர்களில் ஒருவர். நாடாளுமன்ற உறுப்பினரான பிறகும் நன்மாறன் அவரிடம் சீடனாகவே வந்துபோனான்.

ஒருநாள், கிழக்கு மலை மாநிலத்திலிருந்து வந்திருந்த மயிலி என்ற பெண்ணையும் அழைத்துவந்தான்.

"ஐயா, இவர்கள் மாநிலத்தின் பெயரை மாற்றக் கேட்கிறார்கள்."

"கீழ்க்கோடியையா?"

மயிலிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தலைநகர்ல உக்காந்துகிட்டு வெச்ச பேருங்க அது. சூரியன் எங்க மலையிலதான் முதல்ல எட்டிப் பாக்குது. நாங்க எப்படிக் கோடியானோம்?"

குரு வாய்விட்டுச் சிரித்தார். "நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், அம்மா?"

"மின்னாறு."

நன்மாறன் தயங்கினான். "பழைய பெயர் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்கிறார்கள். எங்கள் பக்கம் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறோம்."

"மாநிலங்களைப் பற்றிய பகுதியைப் படி."

உரக்கப் படித்தான். மாநிலத்தின் பெயரையும் எல்லையையும் நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றலாம். முதலில் அந்த மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்த மாற்றம் அரசியலமைப்புத் திருத்தமாகக் கருதப்படாது.

அவன் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"அப்படியானால் நாளைக்குப் பேச்சுரிமையையும் இப்படியே மாற்றிவிடுவார்களே!"

"அந்தப் பகுதியில் 'திருத்தமாகக் கருதப்படாது' என்ற வரி இருக்கிறதா, பார்."

புரட்டிப் பார்த்தான். "இல்லை, ஐயா."

"அங்கே மூன்றில் இரண்டு பங்குதான். சரி, மலைக்காரர்களின் கருத்தைக் கேட்டீர்களா?"

"அவர்களுடைய சட்டமன்றமே ஒருமனதாகக் கேட்டிருக்கிறது."

"பிறகு ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய்?"

நாடாளுமன்ற விவாதத்தில் அனல் பறந்தது. கடைசியில் சாதாரணப் பெரும்பான்மையிலேயே சட்டம் நிறைவேறியது.

அன்று மாலை தலைநகர வீதியெங்கும் மலைக்காரர்களின் பறை முழங்கியது. "மின்னாறு! மின்னாறு!" என்று கூவியபடி மயிலி குருவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவரும் தாளம் தப்பித் தப்பி ஆடினார்.

நன்மாறன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் அருகில் வந்தான். பறைச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"ஐயா! மற்றதையெல்லாம் அவ்வளவு இறுக்கி எழுதினீர்கள். இதை மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக விட்டீர்கள்?"

பூரணர் நின்று மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த மலையைப் பார்த்ததில்லை, நன்மாறா. நல்லவேளை, அது எங்களுக்கு ஞாபகம் இருந்தது."