பின்னால் போகிறவன்

பந்து ஆரூரனின் தலைக்கு மேலால் போய், அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் இறங்கியது. அங்கே தனியாக நின்ற எதிர்ப்பக்கத்துக் கேலப் அதை அலுங்காமல் பிடித்துக்கொண்டு ஓடினான்.

ஆரூரனோ பந்து எறிந்தவனுக்கு முன்னால் நின்றிருந்தான். கைகள் இன்னும் அவனைப் பிடிக்க நீட்டியபடியே இருந்தன.

“எங்கையடா நிக்கிறாய்?” என்றார் பயிற்சியாளர் தயாபரன்.

“பின்னுக்குப் போகத்தான் வெளிக்கிட்டனான் அண்ணை. கால் முன்னுக்குப் போயிட்டுது.”

“கால் தனியப் போகுமே? நீயும் சேர்ந்துதான் போனாய்.”

பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணி அது. அதில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். இருவரும் கனடாவில், ஸ்காபரோவில் வளர்ந்தவர்கள். மற்ற ஆட்டக்காரர்களைத் தயாபரன் ஆங்கிலத்தில் திட்டுவார். ஆரூரனை மட்டும் தமிழில். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது வீட்டுக் கதை போலக் கேட்கும்.

கல்லூரியில் ஆரூரன் தடுப்பு வரிசையின் ஓரத்தில் விளையாடியவன். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பான். பந்து அசைந்ததும், எதிரில் நிற்பவனைத் தள்ளிக்கொண்டு போய், எறிகிறவனை விழுத்துவான். அவனுக்குப் பெயர் கிடைத்தது அதனால்தான்.

இங்கே அந்த இடத்தில் நிற்பவர்கள் அவனைவிட மிகப் பெரிய உடம்புக்காரர்கள். ஆகவே அவனை நிமிர்த்தி, வரிசைக்குச் சற்று வெளியே, லைன்பேக்கராக நிறுத்தினார்கள். லைன்பேக்கர் சில வேளை முன்னே பாய வேண்டும். சில வேளை பின்னே ஓடி, எதிரணிக்காரன் பந்து பிடிக்க வரக்கூடிய ஒரு வெளியைக் காக்க வேண்டும். பாய்வது ஆரூரனுக்கு வரும். பின்னே போகச் சொன்னால், முதலில் முன்னே எட்டு வைத்துவிட்டுத்தான் திரும்புவான். அதற்குள் பந்து போய்விடும்.

அடுத்த நாள் அணியில் ஆட்களைக் குறைக்கும் நாள்.

தண்ணீர் குடிக்க விட்டபோது ஆரூரன் தயாபரனிடம் வந்தான்.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டே?”

“கேள்.”

“எறியிறவன் எனக்கு முன்னால நிக்கிறான். அவனைப் பிடிக்கத்தானே என்னை எடுத்தவை? அவனை விட்டிட்டு ஆளில்லாத இடத்துக்கு நான் ஏன் ஓடவேணும்?”

தயாபரன் வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினார்.

“பந்தை எடு,” என்றார்.

“ஏன்?”

“இப்ப நீ எறியிறவன். கேலப் பிடிக்கிறவன். நான் உன்ர இடத்தில நிக்கிறன்.”

தடுப்பு வரிசையில் விளையாடும் டெல்ராயையும் கூப்பிட்டார். அவனிடம் ஆங்கிலத்தில், “நீ இவனைப் பிடிக்க வா. ஆனால் நடந்து வா,” என்றார்.

“நடந்தா?”

“உலாப் போவது போல.”

டெல்ராய் தோளைக் குலுக்கினான். ஆரூரன் சிரித்தான்.

“அண்ணை, உங்கட முழங்காலோட…”

“என்ர முழங்காலை நான் பாக்கிறன். நீ கேலப்புக்கு எறிஞ்சு காட்டு. ஸ்காபரோவுக்குப் போகேக்க கொத்துரொட்டி வாங்கித் தாறன்.”

“ஆட்டிறைச்சிக் கொத்து.”

“முதல்ல எறியடா.”

ஆரூரன் பந்தைக் கையில் எடுத்தான். தயாபரன் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஒரு காலைச் சற்று இழுத்தபடி, பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறவரைப் போலப் போனார். கேலப்புக்கு முன்னால் போனதும் இந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

ஆரூரன் கையை ஓங்கினான். பந்து போகவேண்டிய வழியில் தயாபரன் நின்றார். கையை இறக்கினான்.

கேலப் இடப்பக்கம் விலகினான். தயாபரனும் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். ஆரூரன் மறுபடி ஓங்கினான். மறுபடி இறக்கினான். தலைக்கு மேலால் எறியலாமா என்று பார்த்தான். தயாபரன் இன்னும் கொஞ்சம் பின்னே போனார்.

ஒரு கனத்த கை ஆரூரனின் தோளில் விழுந்தது.

தயாபரன் அங்கிருந்தே கேட்டார்:

“ஆர் பிடிச்சது?”

“டெல்ராய்.”

“ஓடியோ வந்தவன்?”

ஆரூரன் டெல்ராயைப் பார்த்தான். அவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

“இன்னொரு தரம் எறியட்டே அண்ணை?”

“வேண்டாம். கொத்து நீ வாங்கித் தா.”

தலைமைப் பயிற்சியாளர் விசில் ஊதினார். அன்றைய கடைசி ஆட்டம். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். எறிவதற்கு அணியின் முதல் எறிகாரனே வந்து நின்றான். ஆரூரனுக்குப் பின்னே போகும்படி சைகை வந்தது.

பந்து அசைந்தது. ஆரூரனின் வலது கால் முன்னே நகரப் பார்த்தது. தரையிலிருந்து குதிகால் எழும்பியும் விட்டது. அவன் அதை அப்படியே திருப்பி வைத்துப் பின்னே ஓடினான்.

அவன் விட்டுவந்த இடத்தில் உடம்புகள் மோதும் சத்தம் கேட்டது. எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். இங்கே புல் மட்டும் இருந்தது. பிறகு கேலப் வந்தான்.

எறிகிறவன் கையை ஓங்கினான். அவன் கண் ஆரூரனில் பட்டது. கை இறங்கியது. வேறு பக்கம் தேடினான். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தான். ஆரூரன் அங்கேதான் நின்றான்.

டெல்ராய் எறிகிறவனை இடுப்போடு அணைத்து விழுத்தினான்.

ஒரே கூச்சல். ஆட்டக்காரர்கள் ஆரூரனைத் தாண்டி ஓடிப்போய் டெல்ராயைக் கட்டிப்பிடித்தார்கள். அவன் தலைக்கவசத்தில் தட்டினார்கள். ஒருவன் அவன் முதுகில் ஏறினான்.

தலைமைப் பயிற்சியாளர் தயாபரனிடம் வந்து, ஆரூரன் நின்ற பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

“அவன்?”

“இருக்கட்டும்,” என்றார் தயாபரன்.

தலைமைப் பயிற்சியாளர் தலையாட்டிவிட்டுப் போனார்.

தயாபரன் ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து காலை நீட்டினார். ஆரூரன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு அவரிடம் வந்தான்.

“என்னவாம் அண்ணை?”

“நாளைக்கும் வா.”

ஆரூரன் கவசத்துக்குள் ஒட்டியிருந்த புல்லை எடுத்தான். அப்பால் இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“எல்லாரும் டெல்ராயைத்தான் கட்டிப்பிடிச்சவை.”

“பின்ன? அவன்தானே விழுத்தினவன்.”

“அப்ப, நான் செய்தது ஆருக்குத் தெரியும்?”

தயாபரன் முழங்காலை நீவினார்.

“எறியாமல் விட்டவனுக்குத் தெரியும்.”

மைதானத்தின் மேற்குப் பக்கம் திறந்த வெளி. சாயங்கால வெயில் தயாபரனின் கண்ணில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். ஆரூரன் ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, வெயிலுக்கு முன்னால் நின்றான்.