எழும்பாத படகும் பன்னிரண்டு வாத்தும்

சேத்துமேட்டு ஆட்களை மடையர்கள் என்று ஏரிக்கு அந்தப் பக்கம் சொல்வார்கள். அது அநியாயம். மடையன் யோசிக்க மாட்டான். சேத்துமேட்டிலோ நாலு பேர் கூடி யோசிக்காமல் ஒருவர் தும்மக்கூட மாட்டார். இந்த மோட்டார் படகு விஷயத்திலும் அவர்கள் யோசித்த அளவுக்கு வேறு யாரும் யோசித்திருக்க முடியாது. அதனால்தான் காரியம் இவ்வளவு தூரம் போனது.

ஏகாம்பரத்துக்கு ஒரே மகள், செங்கேணி. அக்கரையில் கீழ்ப்புதூரில் கட்டிக்கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மா தாயாரம்மா கோழிக்குழம்பைக் கிளறிப் பார்த்துவிட்டு, நாலு பேர் காதில் விழும்படி, "கோழி இதுல குளிச்சிட்டுப் போயிருக்குது போல" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் செங்கேணி அடுப்பு மூட்டும்போதெல்லாம் அந்தக் கோழி குளிக்க வந்துவிடும். மகள் வந்து சொல்லி அழுததும் ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார். நேரே போய்ச் சம்பந்தி வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

"வர்ற ஞாயித்துக்கெழம, பொழுது சாயறதுக்குள்ள, பன்னெண்டு காட்டு வாத்து. உயிரோட. என் மோட்டார் படகுல, தண்ணிமேல பறக்கிற மாதிரி கொண்டாந்து உங்க படித்துறையில எறக்கறேன். நீங்களே கொழம்பு வையிங்க. எது குளிச்சுதுன்னு அப்புறம் பேசலாம்."

வாத்து பிடிக்கக் கூடாது என்று சட்டம் வருவதற்கு முந்திய காலம் அது. படகு ஏகாம்பரத்திடம் இருந்தது. மோட்டார்தான் இல்லை. டவுனிலிருந்து மெக்கானிக் சாமுவேலை அழைத்து வந்து ஒன்றைப் பூட்டினார்.

சாமுவேல் மோட்டாரைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அய்யா, இது சின்ன மோட்டாரு. வெறும் படகுன்னா தண்ணிமேல எழும்பி வழுக்கிக்கினு ஓடும். பாரம் ஏத்தினா அடம்பிடிக்கும். மூணு விஷயம் ஞாபகம் வெச்சிக்கோங்க. ஒண்ணு, ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருக்கணும். ரெண்டு, படகு மூக்கு வானத்தப் பாத்துச்சுன்னா பின்னாடி இருக்கிற கனத்த முன்னாடி தள்ளுங்க. மூணு, அப்பவும் எழும்பலையா, பாரத்தக் கொறைங்க. அவ்வளவுதான்."

அவன் போனதும் ஏகாம்பரம் தன் மூன்று கூட்டாளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தணிகாசலம் வயதில் மூத்தவர். பேசுவதற்கு முன் நெடுநேரம் கண்ணை மூடிக்கொள்வார். எத்திராசு ஏகாம்பரத்தின் மச்சினன். எதற்கும் ஒரு சந்தேகம் வைத்திருப்பான். கன்னியப்பன் ஆள் ஆறடி உயரம், அதற்குத் தக்க அகலம். மூன்று விஷயத்தையும் நாலு பேரும் மாற்றி மாற்றி மனப்பாடம் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகில் சாமான் ஏறியது. அரிசி மூட்டை ஒன்று, தேங்காய் ஒரு சாக்கு, வாழைத்தார் இரண்டு, சீர்த்தட்டுகள், வாத்துக் கூடைகள். கடைசியில் ஏகாம்பரம் தன் வீட்டு அம்மியைத் தூக்கி வந்தார். அக்கரை அம்மியில் அரைத்தால் மசாலாவில் அக்கரை வாசம்தான் அடிக்கும் என்பது அவர் கட்சி. அம்மியை இடது பக்கம் வைத்ததும் படகு இடது பக்கம் சாய்ந்தது.

"சமமா இருக்கணும்னு மெக்கானிக் சொன்னானே" என்றான் எத்திராசு.

தணிகாசலம் கண்ணை மூடித் திறந்தார். "அம்மிக்குச் சமம் எது? அம்மிதான்."

எத்திராசு ஓடிப்போய்ப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் தன் வீட்டு அம்மியையும் தூக்கி வந்து வலது பக்கம் வைத்தான். படகு நிமிர்ந்தது. ஆனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல்தான் மிச்சம். முதல் விஷயம் முடிந்தது என்று ஏகாம்பரம் ஒரு விரலை மடக்கிக்கொண்டார்.

வாத்து பிடிப்பது மட்டும் அவர்களுக்குக் கைவந்த கலை. ஒரு வாரம் முன்பே வெறும் பானைகளை ஏரியில் மிதக்க விட்டுவிடுவார்கள். வாத்துகளுக்குப் பானை பழகிவிடும். பிறகு கண்ணுக்கு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தண்ணீரில் அசையாமல் நிற்க வேண்டும். ஏரி எங்கேயும் ஆள் மட்டத்துக்கு மேல் ஆழமில்லை. வாத்து பக்கத்தில் வந்ததும் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான். சும்மா நிற்பதுதான் இதில் முக்கியம் என்பதால் சேத்துமேட்டுக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. வெயில் ஏறுவதற்குள் பன்னிரண்டு வாத்தும் கூடைக்குள் வந்துவிட்டன.

ஒரே ஒரு சிக்கல். கன்னியப்பன் தலையிலிருந்து பானை கழலவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், திருகிப் பார்த்தார்கள். "வுடுங்கப்பா, நெழலா இருக்குது" என்று பானைக்குள்ளிருந்து பதில் வந்தது. அந்தக் குரல் கோயில் கருவறையிலிருந்து வருவது போலக் கணீரென்று இருந்தது. அதற்கப்புறம் அவன் என்ன சொன்னாலும் மற்ற மூவரும் கொஞ்சம் மரியாதையாகவே கேட்டார்கள்.

மோட்டாரைக் கிளப்பிக் கைப்பிடியை முழுக்க முறுக்கினார் ஏகாம்பரம். படகு உறுமியது. மூக்கு எழுந்தது, இன்னும் எழுந்தது, எதிரே அக்கரையே மறைந்துபோகும் அளவுக்கு எழுந்து நின்றது. பின்புறம் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது. படகு நகர்ந்த வேகத்தில் ஒரு எருமை அவர்களைத் தாண்டி நீந்திப் போனது.

"எழும்பிடுச்சி!" என்றான் எத்திராசு. பிறகு அவனுக்கே சந்தேகம் வந்தது. "ஆனா பாதிதான் எழும்பியிருக்குது. மீதிப் பாதி?"

"மூக்கு வானத்தப் பாக்குது. ரெண்டாவது விஷயம்" என்றார் ஏகாம்பரம்.

அரிசி முன்னால் போனது, தேங்காய் போனது, இரண்டு அம்மியும் ஒரே நேரத்தில், சமம் கெடாமல், அடிமேல் அடி வைத்துப் போயின. மூக்கு ஒரு முழம் இறங்கியது. மறுபடி நின்றுவிட்டது. நாலு பேரும் பின்புறத்தைப் பார்த்தார்கள். அங்கே மிச்சம் இருந்தது மோட்டார் மட்டும்.

பானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பின்னாடி கனமா இருக்கிறதே அதுதானப்பா."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மோட்டாரைக் கழற்றித் தூக்கிப்போய் மூக்கில் மாட்டினார்கள். கைப்பிடியை முறுக்கியதும் படகு புறப்பட்டது. மூக்கு இப்போது வானத்தைப் பார்க்கவில்லை. பின்புறம்தான் வானத்தைப் பார்த்தது. அதோடு அக்கரை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனது.

"மாமா, நாம பின்னாடி போறோமோ?" என்றான் எத்திராசு.

தணிகாசலம் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார். "அந்தப் பக்கம் பாத்து உக்காந்தா பின்னாடி போறோம். இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

திரும்பி உட்கார்ந்தார்கள். உடனே முன்னால் போக ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி. சிறிது நேரத்தில் கரை வந்தது. கரையில் ஏகாம்பரத்தின் சம்சாரம் குப்பம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, அதுக்குள்ள போயிட்டு வந்துட்டீங்களா?"

"இல்லடி. இப்பத்தான் போய்க்கினு இருக்கோம்" என்றார் ஏகாம்பரம்.

குப்பம்மாள் கையிலிருந்த ஈரத்துணியைக் கல்லில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "பொண்ணு அங்க வழி பாத்துக்கினு நிக்கும். அத்தக் கழட்டி இருந்த எடத்துலயே மாட்டுங்க!" மாட்டினார்கள்.

மறுபடியும் நடு ஏரி, மறுபடியும் மூக்கு வானத்தில். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. ஏகாம்பரத்துக்குத் தாயாரம்மாவின் முகம் கண்ணெதிரே வந்தது. வாத்து வராவிட்டால் இனி கோழியோடு வாத்தும் சேர்ந்து குளிக்கும். செங்கேணி அந்த அடுப்படியில் எப்படித் தலை நிமிர்வாள்? "மூணாவது விஷயம்" என்றார். "பாரத்தக் கொறைக்கணும்."

எதைக் குறைப்பது? அரிசியும் தேங்காயும் வாழைத்தாரும் சீர், கை வைக்க முடியாது. அம்மி ஒன்றைப் போட்டால் சமம் கெடும். இரண்டையும் போட்டால் எத்திராசு வீடு திரும்ப முடியாது. வாத்தைப் போட்டால் போவதற்கே வேலை இல்லை.

"படகுலயே பெரிய பாரம் எது?" என்று கேட்டார் தணிகாசலம்.

மூன்று பேரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். பானை மெதுவாகத் தலையாட்டியது. "நான்தான்" என்றது.

"அவன எப்படிண்ணே கொறைக்கிறது?" என்றார் ஏகாம்பரம்.

இந்த முறை தணிகாசலம் கண்ணை மூடியதில் தூங்கிவிட்டாரோ என்று எத்திராசு தொட்டே பார்த்துவிட்டான். "யோசிச்சிட்டேன்" என்றார் அவர். "வாத்து கூடையில உக்காந்திருந்தா பாரம். பறந்தா பாரமா? இல்ல. இன்னும் சொல்லப்போனா, எதையாவது தூக்கிக்கினுகூடப் பறக்கும். பன்னெண்டு வாத்தையும் கயித்துல கோத்துக் கன்னியப்பன் இடுப்புல கட்டு. அதுங்க அவனத் தூக்கிக்கினு படகுக்கு மேலயே பறந்து வரட்டும். படகுல வாத்துப் பாரமும் இல்ல, கன்னியப்பன் பாரமும் இல்ல. ஒரே வேலையில ரெண்டு கொறையும்."

"பன்னெண்டு வாத்து இவனத் தூக்குமா?" என்று சந்தேகப்பட்டான் எத்திராசு.

"முழுக்கத் தூக்க வேணாம்டா. படகுல படாம இருந்தா போதும்."

நியாயமாகத்தான் பட்டது. வாத்துகளின் காலில் வரிசையாகக் கயிறு கட்டி, மறுமுனையைக் கன்னியப்பன் இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தார்கள். அவன் படகின் பின்னால் எழுந்து நின்றான். ஏகாம்பரம் கைப்பிடியை முறுக்கினார். எத்திராசு கூடைகளைத் திறந்து, "ஓய்!" என்று கத்தினான்.

பன்னிரண்டு வாத்தும் சடசடவென்று ஒரே நேரத்தில் கிளம்பின. படகு ஒரு குலுக்குக் குலுங்கியது. உடனே மூக்கு இறங்கியது. பின்புறம் ஏறியது. படகு தண்ணீரைவிட்டு எழும்பி, வழவழவென்று வழுக்கிக்கொண்டு, அம்பாகப் பாய்ந்தது. காற்றில் ஏகாம்பரத்தின் தலைப்பாகை பறந்துபோனது. வாழ்நாளில் அவர் அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை. திரும்பிப் பார்த்தார். கன்னியப்பன் நின்ற இடம் காலியாக இருந்தது.

"தூக்கிடுச்சிங்க!" என்று கூவினார். மூன்று பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் தண்ணீருக்குள்ளிருந்து, "ஏம்பா... ஏம்பா..." என்று வந்த கணீர்க் குரல் மோட்டார் சத்தத்தில் எடுபடவில்லை.

கீழ்ப்புதூர் படித்துறையில் தாயாரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் செங்கேணி. ஊரில் பாதி அங்கே இருந்தது.

"படகு வந்துது. வாத்து எங்க சம்பந்தி?" என்றாள் தாயாரம்மா.

"பின்னாடி வருது சம்பந்தியம்மா. கன்னியப்பனத் தூக்கிக்கினு வர்றதால கொஞ்சம் நேரமாவுது" என்றார் ஏகாம்பரம், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊர் ஜனங்களும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு காக்கை போனது. இரண்டு கொக்கு போயின. செங்கேணி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நயினா..." என்றாள். ஏகாம்பரத்துக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருக்குமோ?

சூரியன் மேற்கே சாயத் தொடங்கிய நேரத்தில் தண்ணீர்மேல் ஒரு பானை வருவது தெரிந்தது. பானைக்குக் கீழே கழுத்து வந்தது, பிறகு மார்பு வந்தது. கன்னியப்பன் ஏரியை நடந்தே கடந்து படியேறினான். இடுப்புக் கயிற்றின் பின்னால் பன்னிரண்டு வாத்தும் ஒன்றன்பின் ஒன்றாக நீந்தி வந்து, படியேறி, வரிசையில் நின்றன.

தாயாரம்மா ஒவ்வொன்றாக எண்ணினாள். பன்னிரண்டும் இருந்தன. ஒன்றைத் தூக்கி எடை பார்த்தாள். "நல்ல கொழுத்த வாத்து" என்று சொல்லிவிட்டாள். அந்த வாயிலிருந்து 'நல்ல' என்ற சொல் வந்து கீழ்ப்புதூர்க்காரர்களே கேட்டதில்லை. செங்கேணி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அடுப்பில் எண்ணெய் வைக்கத் தாயாரம்மாவே ஓடினாள்.

அப்போதுதான் தணிகாசலம் கண்ணைத் திறந்தார். "ஏகாம்பரம், நீ குடுத்த வாக்கு இன்னா? மோட்டார் படகுல, தண்ணிமேல பறக்கிற மாதிரி கொண்டாந்து எறக்கறேன்னுதான?"

"ஆமாண்ணே."

"இதுங்க எங்க படகுல வந்துது?"

ஏகாம்பரம் வாத்துகளைப் பார்த்தார், படகைப் பார்த்தார். மேற்கே பார்த்தார். பொழுது சாய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. வாத்துகளை அள்ளிப் படகில் போடச் சொன்னார். கன்னியப்பன் ஏறினான். இறக்கி வைத்திருந்த இரண்டு அம்மியையும் எத்திராசு மறக்காமல் ஏற்றினான்.

"நயினா, வேணாம் நயினா! வாத்துதான் வந்துடுச்சே!" என்று செங்கேணி ஓடிவந்து படகைப் பிடித்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் அவள் கையை மெதுவாக விலக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "உனக்குத் தெரியாதும்மா. நாளைக்கு உங்க மாமியா சொல்லிக் காட்டுவாங்க, வாத்து நடந்துதான வந்துதுன்னு. அந்தப் பேச்சு உனக்கு வேணாம்."

படகு உறுமியது. மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. கொதிக்கும் எண்ணெயை விட்டுவிட்டுக் கரண்டியோடு ஓடிவந்தாள் தாயாரம்மா.

"யோவ் சம்பந்தி! வாத்த எங்கய்யா எடுத்துக்கினு போறீங்க?"

"கொண்டாரத்தான் சம்பந்தியம்மா!" என்றார் ஏகாம்பரம்.