வரதராசு வண்டி வாங்கின கதை

தேனியில் ஒரு பைக் ஷோரூமில் வண்டி துடைக்கிற வேலை செம்மலருக்கு. ஒருநாள் வாழைத்தார் மண்டி முதலாளி வரதராசு, கூட வந்த ஆட்கள் நாலு பேரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஆளுக்கு முன்னால் வயிறு வந்தது, வயிற்றுக்கு முன்னால் வாய் வந்தது.

“மேகமலைக் காட்டுப் பாதையிலயும் ஏறணும், லடாக் வரைக்கும் போகணும். இருக்கிறதுலேயே பெரிய வண்டியை எடுய்யா!”

மேனேஜர் பல்லெல்லாம் தெரிய யானை மாதிரி ஒன்றைக் காட்டினார்.

“உங்களுக்குப் பக்கத்துல நிக்கிற சின்னதுதாங்க தோது,” என்றாள் செம்மலர், துடைத்துக்கொண்டே.

வரதராசுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “துணி பிழியுறவ எனக்கு வண்டி சொல்றியா? வாசலைத் தாண்டாம, ஸ்டார்ட்டும் பண்ணாம, பெரிசு எனக்கு ஆகாதுன்னு காட்டு பார்ப்போம். முடியலேன்னா இன்னையோட வேலையை விட்டு ஓடு!”

மேனேஜரும் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

“சரிங்கய்யா. போறது தனியாவா, துணையோடயா?”

“சிங்கம் எதுக்குடி துணை தேடும்?”

செம்மலர் தரையில் சாக்கை விரித்தாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பெரிய வண்டியை மெல்லச் சாய்த்து அதில் படுக்க வைத்தாள். “காட்டுல சறுக்கி விழுந்துட்டீங்கன்னு வச்சுக்குவோம். இங்கே கல்லும் இல்லை, சேறும் இல்லை. தூக்கி நிறுத்துங்கய்யா.”

வரதராசு குனிந்தார், முக்கினார். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன, வண்டி அசையவில்லை. கடைசியில் வெளியே நின்ற அவர் ஆட்கள் நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள்.

“நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், வண்டி பொருத்தம்தாங்க,” என்றாள் செம்மலர். “இந்த நாலு பேரையும் இதோட சேர்த்தே பில் போடச் சொல்லவா?”

வரதராசு சின்ன வண்டியைக் கைகாட்டினார். செம்மலர் ஈரத்துணியை உதறிக்கொண்டு அடுத்த வண்டியைத் துடைக்கப் போனாள்.